பீங்கான் ஓட்டுக்கு அடியில்

அத்தியாயம் ஒன்பது

அந்தப் பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் நாற்பத்தொரு பேர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சுவரில், சட்டத்துக்குள் இருந்தார்கள். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த நான்கு பேரில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்னு ஜோடி ஜோடியா மாட்டியிருக்காங்க அண்ணி" என்றான் ரேடியோ. "முன்னாடி எடுத்த படத்துல எல்லாம் மனுஷங்களா இருக்காங்க. பின்னாடி எடுத்ததுல குளியலறை டைல்ஸ் மாதிரி ஆயிட்டாங்க."

"மெதுவா பேசுங்க தம்பி. டைல்ஸ் ஒட்டுறவர் உள்ளேதான் இருக்கார்."

ரேடியோவுக்கு மெதுவாகப் பேச வராது. பத்து வருடம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்தவன். அவன் அறிவித்த நேரத்துக்கு ஒரு வண்டியும் வந்ததில்லை, அதற்காக அவன் அறிவிப்பதை நிறுத்தியதும் இல்லை. அந்த வேலை போனபோது நாற்பது வயது தாண்டியிருந்தது. அண்ணன் மனைவி துப்பறியும் அலுவலகம் ஆரம்பித்த வாரம் அது. போய் ஒட்டிக்கொண்டான்.

அண்ணியோ இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். எரியாத கடைக்கும், தொலையாத நகைக்கும் இழப்பீடு கேட்டு வந்தவர்களை மூக்கு உடைத்து அனுப்பியவர். தான் எழுதிய அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது என்பது அவருடைய பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் தண்ணீர் கொடுப்பதற்கு முன் அதைச் சொல்லிவிடுவார்.

எதிர் நாற்காலியில் வழக்கைக் கொண்டுவந்த பெண் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது, கணக்கு வாத்தியாரின் மகள். அவளுக்குப் பக்கத்தில், இந்த வழக்கே ஆன மனிதர். இருபத்தாறு வருடத்துக்கு முன் வீட்டை விட்டு ஓடிப்போன வாத்தியார் மகன் தான்தான் என்று சொல்லிக்கொண்டு மூன்று வாரத்துக்கு முன் வந்து நின்றவர். ரேடியோ அவருக்கு ‘பார்சல்’ என்று பெயர் வைத்திருந்தான்.

"இவ்வளவு வருஷம் லேட்டா டெலிவரி ஆகியிருக்கு. பிரிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட முடியுமா?" என்பது அவன் வாதம்.

கையெழுத்துதான் பிரச்சினையே. வாத்தியாருக்கு இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. நாளைக் காலை ஆபரேஷன். ஒப்புதல் தாளில் இன்று மாலை நான்கு மணிக்குள் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அந்த இடம் அடுத்த நோயாளிக்குப் போய்விடும், இவருக்கு மறுபடி இடம் கிடைக்கும்வரை இதயம் பொறுத்திருக்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வாத்தியாரோ, "என் பையன் வந்தா போடுறேன். இல்லைன்னா இந்த இதயத்தை ரிப்பேர் பண்ணி யாருக்காக ஓட்டணும்?" என்று பேனாவைத் தள்ளி வைத்துவிட்டார்.

பையன் வந்த பிறகும் போடவில்லை. பார்சல் வீட்டின் மாடிப்படி எண்ணிக்கை முதல் செத்துப்போன நாயின் பெயர் வரை ஒப்பித்தார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "விடை சரி. வழிமுறையைக் காட்டு" என்றார். முப்பத்தைந்து வருடம் கரும்பலகை முன் நின்றவரின் வியாதி அது.

வழிமுறை என்று அவர் கேட்டது ஒரு பல். பன்னிரண்டு வயதில் தண்ணீர் பம்பின் கைப்பிடி எகிறி அடித்து, பையனின் மேல்வரிசை முன்பல்லில் வலது மூலை சாய்வாக உடைந்துபோனது. அப்புறம் எடுத்த எந்தப் படத்திலும் அவன் வாயைத் திறக்கவில்லை. பார்த்தவர்கள் அப்பாவும் தங்கையும் மட்டும். அந்தப் பல்லைக் காட்டு என்றால், பார்சலின் மேல்வரிசையில் ஆறு பற்களுக்கும் முத்துப்போலப் பீங்கான் ஓடு ஒட்டியிருந்தது. நாலு வருடத்துக்கு முன் ஒட்டியதாம். உடைந்த பல் உள்ளே பத்திரமாக இருக்கிறதாம். எடுக்கச் சொன்னால், ட்ரில் வைத்து அரைப்பார்கள், ஓடும் தூளாகும், பல்லும் போகும் என்று ஒரு வாரம் பிகு பண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அண்ணிக்கு அந்த யோசனை வந்தது. லேசர் வைத்தால் அரைக்கவே வேண்டாம், ஓடு முழுசாகக் கழன்று வரும், அந்த மெஷின் இந்த ஊரிலேயே இருக்கிறது என்று கண்டுபிடித்தார். வாத்தியாரும் உடனே ஒப்புக்கொண்டார். பத்து வருடத்துக்கு முன் அவருடைய கூரை இழப்பீட்டுக் கோரிக்கையை அண்ணிதான் நிராகரித்திருந்தார். "என்கிட்டயே முடியாதுன்னு சொன்ன பொம்பளை. அவங்க வந்து சொன்னா சரி" என்றார்.

"யோசனை எப்படி?" என்று அண்ணி இன்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார்.

"பிரமாதம் அண்ணி" என்று ரேடியோவும் மூன்று முறை சொல்லிவிட்டான்.

கதவு திறந்தது. பல் டாக்டர் வெளியே வந்தார், அவருக்கு முன்பாக அவருடைய பற்கள் வந்தன. அவ்வளவு வெள்ளை. ரேடியோ ஒரு நொடி கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

"யாருக்கு?" என்று கேட்டு நான்கு பேரையும் பொதுவாகப் பார்த்தார். "மன்னிக்கணும், எனக்கு முகமே ஞாபகம் நிக்காது. வாயைத் திறந்தா அடையாளம் கண்டுபிடிச்சிடுவேன்."

உள்ளே எல்லோரையும் அனுமதித்தார். பார்வையாளர் இருந்தால் அவருக்கு உற்சாகம். பரிசு வாங்கி வந்த மகளின் தலையைத் தடவுவது போல மெஷினைத் தடவிக்கொண்டே பிரசங்கம் செய்தார்.

"பழைய முறைன்னா அரைக்கணும். இது அப்படி இல்ல. இந்த ஒளி பீங்கானைத் தாண்டி நேரா உள்ளே போகும். ஓட்டுக்கும் பல்லுக்கும் நடுவுல பசை இருக்கு பாருங்க, அதுல இருக்கிற ஈரம் இதைக் குடிச்சிடும். பசைக்குப் பிடி விட்டுப் போயிடும். பல்லு வெச்சது வெச்சபடி இருக்கும், ஓடும் அப்படியே முழுசா வரும். மறுபடி அதையே ஒட்டிக்கலாம். ஒரு பல்லுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"வாடகை வீட்டைக் காலி பண்ற மாதிரி" என்றான் ரேடியோ. "சுவருக்குச் சேதாரம் இல்ல."

"எல்லாரும் கண்ணாடி போடணும்" என்று டாக்டர் பேச்சை வெட்டினார்.

நர்ஸ் ஆளுக்கொரு தடித்த கண்ணாடியைக் கொடுத்தாள். தலைக்குப் பின்னால் பட்டை, அதில் ஒரு பூட்டு. ரேடியோ அதை இழுத்தான், அழுத்தினான், பல்லால்கூடக் கடித்துப் பார்த்தான். மசியவில்லை. அண்ணியின் பூட்டு அவர் கொண்டையோடு சிக்கிக்கொண்டது. அழுத்திக்கொண்டே பாதி திருப்பி அப்புறம் இழுக்க வேண்டுமாம். நர்ஸ் வந்து இருவருக்கும் குழந்தைக்குச் சட்டை மாட்டுவது போல மாட்டிவிட்டாள். வாத்தியார் மகள் இடது கையால் கைக்குட்டையைத் தேடிக்கொண்டே வலது கையால் பூட்டைச் ‘சடக்’ என்று போட்டு முடித்திருந்தாள். தையல் தெரிந்த கை என்று ரேடியோ பொறாமைப்பட்டான்.

மெஷின் உயிர் பெற்றது. பட், பட், பட் என்று ஈர விறகு வெடிப்பது போலச் சத்தம். ரேடியோ ஓரடி பின்னால் போய் நர்ஸின் காலை மிதித்தான். அண்ணியின் கைப்பை கீழே விழுந்தது. நாற்காலியில் படுத்திருந்த பார்சலின் கால் விரல்கூட அசையவில்லை. நெஞ்சழுத்தக்காரர்தான்.

முப்பது, முப்பத்தைந்து நொடி இருக்கும். டாக்டர் மெல்லிய கருவி ஒன்றால் ஓட்டின் விளிம்பைத் தொட்டார். அது பல்லிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து பஞ்சின் மேல் விழுந்தது. நகக்கண் அளவு, ஒரு கீறல் இல்லை.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

முன்பல். வலது மூலை. சாய்வாக உடைந்திருந்தது.

"அண்ணா!" என்று வாத்தியார் மகள் வீறிட்டாள். பார்சல் எழுந்து உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். ரேடியோவும் அழுதான், ஆனால் பட்டையின் பூட்டைத் திறக்கத் தெரியாததால் கண்ணீர் கண்ணாடிக்குள்ளேயே தேங்கி, கொஞ்ச நேரம் உலகமே குளத்துக்குள் இருப்பது போலத் தெரிந்தது.

"இதை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றார் டாக்டர். "சுவர்ல நாற்பத்திரண்டாவதா போட்டுடலாம்."

அண்ணி மட்டும் அழவில்லை. பஞ்சின் மேல் கிடந்த ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எரிந்த கடைக்குள் போய், எரியாத கணக்கு நோட்டைப் பார்த்தபோது இருந்த அதே முகம். ரேடியோவுக்கு அந்த முகம் தெரியும். அது வந்தால் யாருக்கோ நாள் சரியில்லை என்று அர்த்தம்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே உக்காருங்க. நர்ஸ், இவருக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணி குடுங்க" என்றார். மூவரும் போனதும் கதவைச் சாத்தினார். "டாக்டர், ஒரு சின்ன சந்தேகம். உடைஞ்ச பல்லுக்கு ஓடு செய்றாங்கன்னு வைங்க. உடைஞ்ச மூலையை எதால நிரப்புவாங்க?"

"பீங்கானாலேயேதான். அந்த இடத்துல ஓடு தடியா இருக்கும்."

"இந்த ஓட்டைத் திருப்பிப் பாருங்க."

டாக்டர் திருப்பினார். திருப்பிய வேகத்திலேயே கீழே வைக்கப் பார்த்தார். அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மூலையில பீங்கான் மத்த இடம் மாதிரியே மெல்லிசா இருக்கு. உள்பக்கம் பசையை உருட்டி அடைச்சிருக்கு. சரிதானே?"

"சரிதான்…"

"அப்படின்னா?"

ரேடியோவின் மண்டையில் மணி அடித்தது. "அண்ணி, நான் சொல்றேன். செருப்புல அஞ்சு விரலுக்கும் தடம் இருக்கு, கால்ல நாலு விரல்தான் இருக்கு. அப்போ விரல் போனது செருப்பு தைச்சதுக்கு அப்புறம்."

"அதேதான். இந்த ஓடு முழுப் பல்லுக்கு அளவெடுத்துச் செஞ்சது. பல்லு உடைஞ்சது அதுக்கு அப்புறம். ஆனா பல்லு உடையறப்ப மேல இருந்த ஓட்டுல ஒரு கீறல்கூட விழல. ஏன்னா அப்போ ஓடு பல்லு மேல இல்ல. முதல்ல அதைக் கழட்டி பத்திரமா வெச்சிருக்காங்க." அண்ணி டாக்டரின் பக்கம் திரும்பினார். "ட்ரில் வெச்சுக் கழட்டினா?"

"தூள்தான் மிஞ்சும்."

"அப்போ முழுசா கழட்டினது எது? இந்த ஊர்ல லேசர் எத்தனை இருக்கு டாக்டர்?"

"ஒண்ணே ஒண்ணு" என்று டாக்டர் பழக்க தோஷத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவர் வாய் மெல்ல மூடியது. அத்தனை வெள்ளையும் உள்ளே போய்விட்டதில் அறை கொஞ்சம் இருண்டது போல இருந்தது.

வரலாறு இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஒருவர் வந்தார். முன்பல் கூசுகிறது, ஓட்டைக் கழட்டிப் பாருங்கள் என்றார். கழட்டினால் பல்லில் ஒரு குறையும் இல்லை. நாலு நாள் காற்றாட இருக்கட்டும் என்று ஓட்டை ஒரு டப்பாவில் போட்டு வாங்கிக்கொண்டு போனார். நாலாம் நாள் மூலை உடைந்த பல்லோடு வந்தார். குளியலறையில் வழுக்கிவிட்டதாம். புது ஓடு செய்யலாம் என்று டாக்டர் சொன்னதற்கு, பக்கத்துப் பல்லோடு நிறம் சேராது, பழையதையே ஒட்டுங்கள் என்றார். டாக்டர் பள்ளத்தைப் பசையால் நிரப்பி ஒட்டிவிட்டார்.

"இன்னைக்கு வாயைத் திறந்ததும் தெரிஞ்சுதா, இல்லையா?" என்றான் ரேடியோ.

"தெரிஞ்சுது. ஆனா நோயாளி ரகசியம்னு ஒண்ணு இருக்கு சார்."

"போட்டோ எடுக்கலாமான்னு கேட்டீங்களே, அப்போ அந்த ரகசியம் பாத்ரூம் போயிருந்துதா?"

டாக்டர் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"சரி, ஆள் போலி" என்று ரேடியோ கையைத் தேய்த்துக்கொண்டான். "என்னா மூளை அண்ணி! உடைஞ்ச பல்லை எடுத்த எடுப்பில காட்டியிருந்தா நாம ஆயிரம் கேள்வி கேட்டிருப்போம். அதை மூடி வெச்சு, வேண்டாம் வேண்டாம்னு பிகு பண்ணி, நம்ம கையாலேயே திறக்க வெச்சிருக்கான். நாம கண்டுபிடிச்சதை நாமே சந்தேகப்படுவோமா? அழகு மேல இருந்த ஆசைதான் மாட்டிவிட்டது. புது ஓடு செஞ்சிருந்தா மூலையைப் பீங்கானாலயே நிரப்பியிருப்பாங்க, நமக்கு ஒரு துப்பும் இருந்திருக்காது. நிறம் சேரணும்னு பழசையே ஒட்டி, துப்பைத் தானே உள்ளே வெச்சு மூடிக்கிட்டான். ஆனா வாத்தியார் வீட்டுப் பல்லு எப்படி உடைஞ்சுதுன்னு இவனுக்கு யாரு சொன்னா? அந்த நர்ஸைக் கேட்டா, ரெண்டு மாசம் முன்னாடி கூட யாரு வந்தாங்கன்னு…"

"நர்ஸைக் கேக்க வேண்டாம். உங்களுக்கு அந்தக் கண்ணாடியை மாட்ட எவ்வளவு நேரம் ஆச்சு தம்பி?"

"மூணு நிமிஷம். அதுவும் நானா மாட்டல, நர்ஸ்…" ரேடியோ நிறுத்தினான்.

"எனக்கும் வரல. இன்னைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறவங்க யாருக்கும் வராது. ஆனா ஒருத்தர் ஒத்தைக் கையால போட்டாங்க."

ரேடியோ சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தான்.

அண்ணி கைப்பையிலிருந்து வழக்குக் கோப்பை எடுத்தார். வாத்தியார் மகள் வழக்கைக் கொண்டுவந்த அன்று கொடுத்த தாள்கள். பள்ளிச் சான்றிதழ், திரும்பி வந்த கடிதங்கள், பழைய படங்கள். நடுவில், எப்படியோ சேர்ந்துவிட்டது போல, இந்த மருத்துவமனையின் லேசர் விளம்பரத் தாள் ஒன்று மடித்துக் கிடந்தது.

"இதைப் பார்த்துட்டுத்தான் எனக்கு யோசனை வந்துது" என்றார். முகம் சிவந்திருந்தது. "ஊர்ப்பட்ட பொய்யைப் பிடிச்சவள்னு மார்தட்டிக்கிட்டு இருந்தேன். என் கையில கத்தரிக்கோலைக் குடுத்து ரிப்பனை வெட்டச் சொல்லியிருக்கா. நானும் போய் வெட்டிட்டு, யோசனை எப்படின்னு மூணு தடவை கேட்டிருக்கேன்."

ரேடியோவுக்கு அண்ணியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஐந்து தடவை பிரமாதம் என்று சொல்லியிருக்கலாம்.

படிக்கட்டுப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. இருவரையும் அங்கே கூட்டிப்போய், அண்ணி சுற்றி வளைக்காமல் சொன்னார். வாத்தியார் மகள் மறுக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

"இவர் நாடக நடிகர்" என்றாள். "நான் அந்தக் குழுவுக்கு உடை தைச்சுக் குடுத்துட்டு இருந்தேன். குழு கலைஞ்சு ஒரு வருஷம் ஆச்சு."

"ராஜா வேஷம்தான் எனக்கு எப்பவும்" என்றார் பார்சல், உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டே. "ராஜாவுக்குப் பல்லு நல்லா இருக்கணும்னு சொந்தமா ஒட்டிக்கிட்டது."

"யாரு உடைச்சா?"

"நானேதான். வாய்ல துண்டை அடைச்சுக்கிட்டு, கம்பி வெட்டுற குறடால. பல்லைக் குடுத்து நடிக்கிற மாதிரி ஒரு பாத்திரம் எனக்கு இதுக்கு முன்னாடி கிடைச்சதில்ல மேடம்."

"கை தட்டுவாங்கன்னு பல்லைத் தட்டிக்கிட்டீங்களா?" என்று ஆரம்பித்த ரேடியோ, அண்ணி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"நிஜ அண்ணன் எங்கே?" என்றார் அண்ணி.

"தெரியல. இருபத்தாறு வருஷமா தேடுறேன். எழுதின கடிதமெல்லாம் திரும்பி வந்துது. அதுவும் உங்க கோப்புலதான் இருக்கு, பொய் இல்ல." அவள் குரல் உடைந்தது. "மூணு மாசமா அப்பா ஒரே வார்த்தைதான் சொல்றார். பையன் வந்தா கையெழுத்து. யாருக்காக நான் பொழைக்கணும்னு என்கிட்டயே கேக்கிறார் மேடம். என்கிட்டயே! சாப்பாடு ஊட்டிக்கிட்டு எதிர்லதான் நிக்கிறேன். நான் கண்ணுக்கே தெரியல. ஓடிப்போனவன்தான் தெரியறான். சரி, அந்த ஓடிப்போனவனையே கூட்டிட்டு வந்துடுவோம்னு நினைச்சேன்."

கீழே எங்கேயோ ஒரு கதவு அடித்துக்கொண்டது.

"அப்பா உங்க வார்த்தையைத்தான் நம்புவார்னு தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். ஏமாத்தினது தப்புதான்."

"நான் எழுதின எந்த அறிக்கையிலயும் பொய் இல்லம்மா."

"இதுலயும் இருக்காது. உங்க அறிக்கை சுத்தமா இருக்கும்" என்றாள் அவள். "அப்பாதான் இருக்க மாட்டார்."

மூன்று ஐம்பதுக்கு வாத்தியாரின் அறைக்குள் நுழைந்தபோதும் அண்ணி என்ன சொல்லப்போகிறார் என்று ரேடியோவுக்குத் தெரியாது. ஆட்டோவில் வழி நெடுகக் கேட்டுப் பார்த்தான். அவர் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். மகளும் நடிகரும் வெளியே வராந்தாவில் நின்றுவிட்டார்கள். கதவு முழுசாகச் சாத்தவில்லை, இடுக்கில் அவளுடைய புடவை ஓரம் தெரிந்தது.

வாத்தியார் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். கண்ணில் மட்டும் இன்னும் பரீட்சை ஹால் மேற்பார்வையாளர் இருந்தார். பக்கத்து மேஜையில் ஒப்புதல் தாள், அதன் மேல் பேனா. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நர்ஸம்மா, ரெண்டு நிமிஷம் அந்த ஜன்னல் பக்கம் போய் நில்லுங்க" என்ற வாத்தியார், குரலைத் தாழ்த்தினார். "மேடம், ஓட்டைக் கழட்டினாங்களா?"

"கழட்டினாங்க."

"பல்லு உடைஞ்சிருக்கா?"

"உடைஞ்சிருக்கு. வலது மூலை. என் கண்ணால பார்த்தேன்."

ரேடியோ மூச்சை விட்டான். நல்ல வேளை, உண்மையைச் சொல்லியே தப்பித்தாயிற்று. கிளம்பிவிடலாம் என்று அண்ணியின் கைப்பையைக்கூட எடுத்துக்கொண்டான்.

"எப்போ உடைஞ்சது?" என்றார் வாத்தியார்.

அண்ணி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி, அவரிடம் யாரும் கேட்டதில்லை.

கிழவர் அவர் முகத்தையே பார்த்தார். தப்பான விடையைப் பார்த்ததும் சிவப்பு மையால் சுழிக்கிறவர் போல அவர் உதடு ஒரு பக்கம் இறங்கியது. அப்புறம் கேட்டார். "யாரு ஏற்பாடு?"

அண்ணியின் கண் கதவுப் பக்கம் போய்விட்டது. வாத்தியாரின் கண்ணும் பின்னாலேயே போய், அந்தப் புடவை ஓரத்தில் நின்றது. நின்றது நின்றபடி ரொம்ப நேரம் இருந்தது. ரேடியோவுக்குக் கால் மாற்றி நிற்கவும் தைரியம் வரவில்லை.

"அந்த ஆள் சொந்தப் பல்லையா உடைச்சுக்கிட்டான்?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க."

"அவ கேட்டாளா, அவன் உடைச்சான்?"

"ஆமாங்க."

"இவ்வளவு தூரம் போவாளா…" என்றார். யாரிடமும் கேட்ட கேள்வி இல்லை அது. மூக்குக் குழாயைச் சரி செய்வது போலக் கையை மேலே கொண்டுபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அண்ணியைக் கிட்டே வரும்படி சைகை செய்தார். "மேடம், ரெண்டாவது கேள்வியை நான் கேக்கவே இல்ல. முதல் கேள்வியை மறுபடி கேக்கிறேன். கதவு வரைக்கும் கேக்கிற மாதிரி பதில் சொல்லுங்க."

வகுப்பறைக் குரல் எங்கிருந்துதான் வந்ததோ, அறை அதிர்ந்தது. "மேடம்! ஓட்டுக்கு அடியில பல்லு உடைஞ்சிருந்துதா?"

"உடைஞ்சிருந்துதுங்க!" என்று அண்ணியும் கத்தினார். "வலது மூலை! நான் என் கண்ணால பார்த்தேன்!"

வெளியே யாரோ பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து அழும் சத்தம் கேட்டது.

வாத்தியார் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கீழே தேதி, நேரம் எல்லாம் எழுதினார். மணி மூன்று ஐம்பத்தெட்டு. நர்ஸ் ஓடிவந்து தாளை வாங்கி, மேலிருந்து கீழே வேகமாகப் பார்த்தாள்.

"நெருங்கிய உறவுன்னு ஒரு இடம் காலியா இருக்கு சார். நல்ல வேளை, மகன் வந்துட்டார். அவர் பேரை எழுதிக்கட்டுமா?"

"வேண்டாம்மா" என்றார் வாத்தியார். "மகள்னு எழுது."